எழுதினேன், ஃபைலில் காணோம்: சி மொழியில் ஃபைல் திறப்பும் பஃபரும், அறிகுறி வாரியாக

ஒரு முறை என் புரோகிராம் நடுவழியில் செத்துப்போனது. லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் கடைசி வரி பாதி வார்த்தையில் நிற்கிறது. அந்த வரியை எழுதிய ஃபங்ஷனில்தான் பிழை என்று நம்பி இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தற்செயலாக ஃபைலின் அளவைப் பார்த்தேன்: 40960 பைட். 4096-ஐப் பத்தால் பெருக்கினால் வருவது. அப்போதுதான் உறைத்தது. புரோகிராம் அந்த வரியில் சாகவில்லை, அதற்கு அப்புறம் இன்னும் பல வரிகள் ஓடியிருக்கிறது, அவையெல்லாம் பஃபரிலேயே (எழுதியதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் தற்காலிக இடம்) இருந்து புரோகிராமோடு சேர்ந்து போய்விட்டன.

ஃபைல் சம்பந்தப்பட்ட கோளாறு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டேட்டா இப்போது எங்கே நிற்கிறது? ஃபைலுக்கு எழுதும் எஃப்பிரின்ட்எஃப் போட்டதும் அது போவது உங்கள் புரோகிராமின் சொந்த நினைவகத்தில் உள்ள பஃபருக்கு. எஃப்ஃப்ளஷ் போட்டாலோ பஃபர் நிரம்பினாலோ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் கேஷுக்கு, அதாவது அது நினைவகத்தில் வைத்திருக்கும் நகலுக்கு. எஃப்சிங்க் போட்டாலோ, கெர்னலுக்கே எழுதத் தோன்றினாலோதான் டிஸ்குக்கு. ஒவ்வொரு அழைப்பும் "சரி" என்று திருப்பித் தந்தால் அதன் பொருள் "என் கைக்கு வந்தது" என்பது மட்டுமே, அடுத்த கைக்குப் போனதற்கு அது பொறுப்பல்ல. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இதை மறந்ததால் வருபவை.

எண்கள் எல்லாம் லினக்ஸ் கணக்கு. மற்ற சிஸ்டங்களில் எங்கே மாறுமோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

எஃப்ஓபன் நல் பாயின்டர் தருகிறது

"ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்று மட்டும் அச்சடித்துவிட்டு வெளியேறும் புரோகிராமை எழுதியவரைக் கூப்பிட்டு அதே செய்தியை வைத்து ராத்திரி இரண்டு மணிக்குப் பிழை கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். எந்த ஃபைல், எந்த மோடில், எர்நோ (தோல்வியின் காரணத்தைச் சொல்லும் எண்) என்ன, இந்த மூன்றும் செய்தியில் இருக்கட்டும்.

எர்நோ 2 என்றால் அந்தப் பாதையில் ஏதோ ஒரு துண்டு இல்லை. ஃபைல்தான் இல்லை என்று அர்த்தமில்லை, நடுவில் ஒரு டைரக்டரி இல்லாமல் இருக்கலாம். டபிள்யூ மோடு (எழுதத் திறப்பது) ஃபைலைத்தான் உருவாக்கும், டைரக்டரியை உருவாக்காது. பாதை ஸ்லாஷில் தொடங்கவில்லை என்றால் புரோகிராம் எந்த டைரக்டரியில் நின்று ஓடுகிறது என்று பாருங்கள். கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் 2 வருகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான். 13 என்றால் அனுமதி இல்லை. பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழையும் அனுமதி வேண்டும், ஃபைலின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. 30 என்றால் அந்த ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மவுன்ட் ஆகியிருக்கிறது. நேற்று வரை எழுத முடிந்த இடத்தில் திடீரென 30 வந்தால் டிஸ்கே பழுதாகி, கெர்னல் தற்காப்புக்காக அப்படி மாற்றியிருக்கலாம், கெர்னல் லாக்கைப் பாருங்கள். 24-ஐப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

எர்நோவை உடனே ஒரு இன்ட் மாறியில் பத்திரப்படுத்துங்கள். நல் வந்ததைக் கண்டதும் முதலில் ஒரு லாக் வரி எழுதிவிட்டு அப்புறம் எர்நோவைப் பார்த்தால், அந்த லாக் வரியே எர்நோவை மாற்றியிருக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு. எந்தத் தவறும் நடக்காதபோது எர்நோவைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் வெற்றி அதைப் பூஜ்யமாக்குவதில்லை. "இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டல் ஃபார் டிவைஸ்" என்று சம்பந்தமே இல்லாத செய்தி வந்தால், அதாவது 25, அநேகமாக அதுதான் கதை: இந்த ஸ்ட்ரீம் (பஃபரோடு சேர்ந்த திறந்த ஃபைல்) டெர்மினலா என்று லைப்ரரி உள்ளுக்குள் சோதித்துப் பார்த்திருக்கிறது, இல்லை என்று தெரிந்திருக்கிறது, அந்த எச்சம் எர்நோவில் தங்கியிருக்கிறது.

திறக்கிறது, ஆனால் படிக்க ஒன்றுமில்லை

ஃபைல் அளவே பூஜ்யமாகிவிட்டதா? அப்படியானால் யாரோ டபிள்யூ மோடில் திறந்திருக்கிறார்கள். டபிள்யூ திறக்கும்போதே பழையதைத் துடைத்துவிடும், நீங்கள் ஒரு பைட்கூட எழுதத் தேவையில்லை. "இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன்" என்று டபிள்யூ போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன் (ஒரு தடவை கண்ணாடியிலும்). ஏற்கெனவே இருந்தால் தொடக் கூடாது என்பதற்கு சி11-இல் எக்ஸ் என்ற எழுத்து வந்தது. டபிள்யூ எக்ஸ் என்று திறந்தால், ஃபைல் இருக்கும்போது திறப்பே தோற்கும். முதலில் அணுக முடியுமா என்று சோதிக்கும் ஆக்சஸ் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு திறப்பது இதற்கு மாற்று ஆகாது, அந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு புராசஸ் (ஓடும் புரோகிராம்) புகுந்துவிட முடியும்.

ஃபைல் பூஜ்யமும் இல்லை, ஆனால் முதல் வாசிப்பே தோற்கிறது, எர்நோ 21 என்றால் நீங்கள் திறந்தது டைரக்டரி. லினக்ஸில் ஆர் மோடில் (படிக்கத் திறப்பது) டைரக்டரியை எஃப்ஓபன் மகிழ்ச்சியாகத் திறந்து தரும், எஃப்ரீட் போடும்போதுதான் குட்டு உடையும். செட்டிங்கில் ஃபைல் பெயர் காலியாக இருந்து, டைரக்டரி பாதை மட்டும் ஒட்டப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

விண்டோஸில் பாதியிலேயே வாசிப்பு நின்றுவிடுகிறதா? பைனரி ஃபைலை டெக்ஸ்ட் மோடில் திறந்திருக்கிறீர்கள். மதிப்பு 26 உள்ள பைட் வந்ததும் ஃபைல் முடிந்தது என்று அங்கே எடுத்துக்கொள்ளும். மோடில் ஒரு பி சேருங்கள். லினக்ஸில் அந்த பி எதுவும் செய்யாது, அதனால் எப்போதுமே போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

திரையில் வருகிறது, ஃபைலுக்குத் திருப்பினால் வரவில்லை

எஸ்டிடிஅவுட் (புரோகிராமின் வழக்கமான வெளியீடு) டெர்மினலோடு இணைந்திருந்தால் வரிக்கு வரி வெளியே போகும், ஃபைலுக்கோ பைப்புக்கோ திருப்பினால் பஃபர் நிரம்பினால்தான் போகும். பிழைச் செய்திகள் போகும் எஸ்டிடிஎர்ர் பஃபர் ஆகாது. அதனால்தான் இரண்டையும் ஒரே ஃபைலுக்குத் திருப்பினால் பிழைச் செய்திகள் முன்னாலும் அவற்றுக்குக் காரணமான வரிகள் வெகு பின்னாலும் வந்து, வரிசையே தலைகீழாகத் தெரிகிறது.

சோர்ஸ் கோடைத் தொட முடிந்தால், மெயின் ஆரம்பித்ததும் முதல் வேலையாக செட்விபஃப் போட்டு வரி பஃபராக (வரி முடிந்ததும் அனுப்பும்படி) மாற்றுங்கள். தொட முடியாவிட்டால் எஸ்டிடிபஃப் என்ற கட்டளையை ஹைபன் ஓஎல் கொடுத்து முன்னால் போட்டு ஓட்டலாம். ஆனால் அது லைப்ரரியை இடையில் நுழைத்து வேலை செய்வது, ஸ்டாட்டிக்காக லிங்க் ஆன புரோகிராமில் பலிக்காது.

கிராஷ் ஆனதும் கடைசி வரிகள் காணாமல் போகின்றன

என் கதை. முதல் சோதனை ஃபைல் அளவை 4096-ஆல் வகுத்துப் பார்ப்பது. மிச்சம் பூஜ்யமாக இருந்து கடைசி வரி அறுபட்டிருந்தால் பஃபரில்தான் மீதி போயிற்று, அறுபட்ட வரிக்கும் கிராஷுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த 4096 ஃபைல் சிஸ்டம் சொல்லும் பிளாக் அளவிலிருந்து வருவது, உங்கள் இடத்தில் வேறாக இருந்தால் அதால் வகுங்கள்.

எக்சிட் அழைத்தால் அல்லது மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆனால் பஃபர்கள் காலி செய்யப்படும். முன்னால் அடிக்கோடு போட்ட எக்சிட்டில் ஆகாது. செக்மென்டேஷன் ஃபால்ட்டில் ஆகாது, கில் ஹைபன் 9-இல் ஆகவே ஆகாது. அபார்ட் (புரோகிராம் தன்னையே அவசரமாக நிறுத்துவது) விஷயத்தில் ஸ்டாண்டர்டு அந்தந்த லைப்ரரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி முன்பு காலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது, 2.27-இலிருந்து அதை நிறுத்திவிட்டது. அசர்ட் தோற்றாலும் அபார்ட்தான் நடக்கிறது என்பதால், பழைய சிஸ்டத்தில் முழுதாக வந்த லாக் புதிய சிஸ்டத்தில் அறுபட்டு வருகிறது என்றால் குழம்ப வேண்டாம்.

"கிராஷ் ஆகும்போது ஓடும் சிக்னல் ஹேண்ட்லருக்குள் எஃப்ஃப்ளஷ் போட்டுவிட்டால் போச்சு" என்று தோன்றும். வேண்டாம். எஃப்ஃப்ளஷ் அங்கிருந்து அழைக்கத் தக்கதல்ல: எஃப்பிரின்ட்எஃப் நடுவில் ஸ்ட்ரீமின் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கிராஷ் ஆகியிருந்தால், ஹேண்ட்லர் அதே பூட்டுக்குக் காத்து நிற்கும், கிராஷ் ஆன புரோகிராம் தொங்கும் புரோகிராமாக மாறும். லாக் ஃபைல்தானே, திறந்தவுடன் வரி பஃபராக்கிவிடுங்கள். வரிக்கு ஒரு ரைட் அழைப்பு கூடுதலாகும், லாக்குக்கு அது பெரிய விலை இல்லை. புரோகிராம் சாவதற்கு இது போதும். மின்சாரம் போவதற்குப் போதாது, அது வேறு கதை, கீழே வருகிறது.

ஒரே வரி இரண்டு தடவை வருகிறது

எழுதும் பக்கம் என்றால் ஃபோர்க்கைத் தேடுங்கள், அதாவது புராசஸ் தன்னையே நகலெடுக்கும் அழைப்பை. பஃபரில் எதையோ வைத்துக்கொண்டு ஃபோர்க் செய்தால் குழந்தைப் புராசஸுக்கு அந்தப் பஃபரின் நகலும் போகிறது, இருவரும் வெளியேறும்போது இருவரும் காலி செய்கிறார்கள். டெர்மினலில் ஓட்டும்போது தெரியாது, பைப்பில் விட்டால்தான் தெரியும். ஃபோர்க்குக்கு முந்தைய வரியில் எஃப்ஃப்ளஷ்ஷுக்கு நல் கொடுத்தால் எழுதத் திறந்த எல்லா ஸ்ட்ரீமும் காலியாகும். குழந்தை எக்செக் (வேறொரு புரோகிராமாக மாறும் அழைப்பு) தோற்று வெளியேறும் இடத்தில் அடிக்கோடு எக்சிட் போடுங்கள்.

படிக்கும் பக்கம், அதுவும் கடைசி வரி மட்டும் இரட்டிக்கிறது என்றால் லூப்பின் நிபந்தனையில் எஃப்இஓஎஃப் (ஃபைல் முடிந்ததா என்று கேட்பது) இருக்கும். அது வருங்காலம் சொல்லாது, ஒரு வாசிப்பு முடிவில் மோதிய பிறகுதான் உண்மை என்று சொல்லும். வரி படிக்கும் எஃப்கெட்ஸின் ரிட்டர்ன் மதிப்பை நிபந்தனையாக வையுங்கள், லூப் முடிந்த பிறகு எஃப்எரர் பாருங்கள்: நின்றது ஃபைல் முடிந்ததாலா, படிப்பதில் பிழையாலா என்று அது பிரித்துச் சொல்லும். ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சி தருவதை சேர் வகை மாறியில் வாங்கினாலும் தொல்லைதான், இன்ட்டில் வாங்குங்கள்.

டிஸ்க் நிரம்பியது, புரோகிராம் "வெற்றி" என்றது

எழுதிய பைட்கள் பஃபரில் விழும்வரை எஃப்பிரின்ட்எஃப் வெற்றி என்றே சொல்லும். இடமில்லை என்பது, அதாவது எர்நோ 28, பஃபரைக் கெர்னலிடம் தள்ளும்போதுதான் தெரியவருகிறது. சின்ன ஃபைல் என்றால் அந்தத் தள்ளல் நடப்பதே ஃபைலை மூடும் எஃப்க்ளோஸில்தான். அதன் ரிட்டர்ன் மதிப்பை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? நினைவகம் கேட்கும் மாலாக்கைப் பயபக்தியோடு சோதிப்பவர்கள்கூட எஃப்க்ளோஸைக் குப்பையைக் கொட்டுவதுபோலக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவில் ஒரு தள்ளல் தோற்று, கடைசித் துண்டு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தால், எஃப்க்ளோஸ் பூஜ்யம் தந்துவிடலாம். நடுவில் விழுந்த ஓட்டையை அது ஞாபகம் வைத்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: எஃப்ஃப்ளஷ், அதன் மதிப்பைப் பார், எஃப்எரர் பார், பிறகு எஃப்க்ளோஸ், அதன் மதிப்பையும் பார். எஃப்க்ளோஸ் தோற்றால் அதே ஸ்ட்ரீமை மறுபடி மூட முயலாதீர்கள். தோற்றாலும் ஸ்ட்ரீம் போய்விட்டது, மறுபடி தொட்டால் என்ன நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

சோதிக்க டிஸ்கை நிரப்ப வேண்டியதில்லை. /டெவ்/ஃபுல் என்று ஒரு சாதனம் லினக்ஸில் இருக்கிறது: திறந்தால் திறக்கும், எழுதினால் ஒவ்வொரு தடவையும் 28. உங்கள் புரோகிராமின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு, எக்சிட் கோடைப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் உங்கள் புரோகிராம் பொய் சொல்கிறது. பத்து வினாடி வேலை, செய்து பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

மின்சாரம் போய் வந்த பிறகு ஃபைல் காலி

அளவு பூஜ்யம், அல்லது உள்ளே பாதி புதியது பாதி பழையது. இருக்கும் ஃபைலையே டபிள்யூ மோடில் திறந்து மேலெழுதினால் என்றைக்காவது இது நடந்தே தீரும். திறந்த கணத்தில் பழையது போயிற்று, புதியது இன்னும் கேஷில் இருக்கிறது, நடுவில் கரண்ட் போனால் இரண்டும் இல்லை. 2009 வாக்கில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் புழக்கத்துக்கு வந்தபோது பலருக்கு செட்டிங் ஃபைல்கள் பூஜ்ய பைட் ஆகிப் பெரிய சண்டையே நடந்தது. டிஸ்கில் இடம் ஒதுக்குவதையே அது தள்ளிப்போட்டதால் அந்த இடைவெளி நீண்டுபோயிருந்தது. கெர்னல்காரர்கள் சில பொதுவான பழக்கங்களுக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் அதை நம்பிக் கோடு எழுதக் கூடாது.

செய்ய வேண்டியது: அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில் புதிய ஃபைல் திற. எழுது. எஃப்ஃப்ளஷ். ஃபைல்நோ மூலம் டிஸ்க்ரிப்டரை (திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தரும் எண்) எடுத்து எஃப்சிங்க். எஃப்க்ளோஸ். ஒவ்வொன்றின் மதிப்பையும் பார்த்து, எல்லாம் சரி என்றால் மட்டும் ரீநேம் செய்து பழைய பெயருக்கு மாற்று. பிறகு அந்த டைரக்டரியையே திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க், இல்லாவிட்டால் பெயர் மாறியது டிஸ்குக்குப் போகாமலிருக்கலாம். இந்த முறையில் எந்தக் கணத்தில் கரண்ட் போனாலும் பழையது முழுதாக இருக்கும் அல்லது புதியது முழுதாக இருக்கும்.

எஃப்ஃப்ளஷ்ஷை விட்டுவிட்டு எஃப்சிங்க் மட்டும் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. டேட்டா இன்னும் உங்கள் பஃபரில் இருக்கிறது, கெர்னல் தன்னிடம் இல்லாததை எப்படி எழுதும்? தற்காலிக ஃபைலை /டிஎம்பி-யில் போட்டால் அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்து ரீநேம் 18 என்று தோற்கலாம், அதனால்தான் அதே டைரக்டரி. பழைய ஃபைலின் அனுமதிகள் புதியதற்குத் தானாக வராது, எஃப்சிமோட் போட்டு நகலெடுங்கள். பழையது சிம்பாலிக் லிங்க்காக இருந்தால் ரீநேம் அந்த லிங்க்கையே அழித்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், இதையும் கவனியுங்கள். விண்டோஸில் சி-யின் ரீநேம் ஏற்கெனவே பெயர் இருந்தால் தோற்கும், மூவ்ஃபைல்இஎக்ஸில் மாற்றி எழுதும் கொடியைக் கொடுக்க வேண்டும். மேக்கில் எஃப்சிங்க் டிஸ்கின் சொந்தக் கேஷைக் காலி செய்யச் சொல்வதில்லை, அதற்கு எஃப்சிஎன்டிஎல்லில் எஃப் ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாக ஒன்று உண்டு.

எஃப்சிங்க் தோற்றால்? மறுபடி எஃப்சிங்க் போட்டு, அது வெற்றி என்றதும் நிம்மதியாகாதீர்கள். லினக்ஸில் முதல் தோல்விக்குப் பிறகு கேஷில் உள்ள அந்தப் பக்கங்கள் (நினைவகத் துண்டுகள்) "எழுதியாயிற்று" என்று குறிக்கப்பட்டுவிடலாம், இரண்டாவது அழைப்புக்கு எழுத ஒன்றும் இல்லாததால் அது வெற்றி சொல்லும். 2018-இல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் ஆட்களே இதில் மாட்டிக்கொண்டதை உணர்ந்து, எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு லாக்கிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். நம் அளவுக்கு: தற்காலிக ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு நினைவகத்தில் உள்ளதை வைத்து முதலிலிருந்து எழுதுங்கள், பழைய ஃபைல் இன்னும் பத்திரமாகத்தானே இருக்கிறது.

செட்விபஃப் போட்ட பிறகு குப்பை வருகிறது, அல்லது ஒன்றும் மாறவில்லை

குப்பை என்றால், பஃபரை ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கல் அரேயாக வைத்து, ஸ்ட்ரீமை மூடாமல் அந்த ஃபங்ஷனிலிருந்து வெளியே வந்திருக்கிறீர்கள். மெயினுக்குள் வைத்தாலும் ஆபத்துதான், மெயின் முடிந்த பிறகுதான் எக்சிட் ஸ்ட்ரீமைக் காலி செய்கிறது. ஸ்டாட்டிக் போடுங்கள்.

மாறவில்லை என்றால் இரண்டு காரணம். ஸ்ட்ரீமில் ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டு செட்விபஃப் போட்டால் செல்லாது, திறந்தவுடன் முதல் வேலையாகப் போட வேண்டும். இன்னொன்று, 64 கிலோபைட் வேண்டும் என்று அளவை மட்டும் கொடுத்துவிட்டு பஃபருக்கு நல் கொடுத்தால் ஜிலிப்சி அந்த அளவைக் கண்டுகொள்ளாது. கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸில் ஓட்டிப் பாருங்கள், ரைட் அழைப்புகள் அதே 4096-இல் வந்துகொண்டிருக்கும். நீங்களே இடம் ஒதுக்கிக் கொடுத்தால் 65536 என்று மாறும்.

ஆர் பிளஸில் (படிக்கவும் எழுதவும்) திறந்தால் படித்ததும் எழுதியதும் கலந்துவிடுகின்றன

படிப்பிலிருந்து எழுத்துக்கு மாறும்போது நடுவில் ஒரு எஃப்சீக் (ஃபைலுக்குள் இடம் நகர்வது) வேண்டும், எழுத்திலிருந்து படிப்புக்கு மாறும்போது எஃப்சீக்கோ எஃப்ஃப்ளஷ்ஷோ வேண்டும். நகர வேண்டாம் என்றாலும் இருக்கும் இடத்துக்கே ஒரு எஃப்சீக். ஸ்டாண்டர்டு கேட்கிறது, கொடுத்துவிடுங்கள்.

மூன்று நாள் நன்றாக ஓடி, பிறகு எதையுமே திறக்க மறுக்கிறது

எர்நோ 24. திறந்த ஃபைல்களின் வரம்பைத் தொட்டாயிற்று, பல சிஸ்டங்களில் அது ஒரு புராசஸுக்கு 1024. வரம்பைக் கூட்டினால் மூன்று நாள் ஆறு நாளாகும், அவ்வளவுதான். /பிராக் கீழே உங்கள் புராசஸ் எண், அதற்குள் எஃப்டி டைரக்டரியைப் பட்டியலிட்டால் ஒரே ஃபைல் பெயர் நூற்றுக்கணக்கில் நிற்பது கண்ணில் படும். அந்த ஃபைலைத் திறக்கும் ஃபங்ஷனில் பிழைப் பாதைகளைப் பாருங்கள், நடுவில் ரிட்டர்ன் ஆகும் ஏதோ ஒன்று எஃப்க்ளோஸைத் தாண்டிப் போகிறது. அந்த ஃபங்ஷனுக்கு ஒரே வெளியேறும் வழி வைத்து, நேராக அங்கே தாவும் 'கோட்டு' கட்டளையைப் போட்டு அங்கே போய் மூடுங்கள். கோட்டு கெட்டது என்று பாடம் படித்தவர்கள் இந்த ஒரு இடத்தில் மன்னித்துவிடலாம்.

டேட்டா ஃபைலுக்குள் பிழைச் செய்திகள் கிடக்கின்றன

இதைப் பார்த்தால் பேய் வேலைபோல இருக்கும். பின்னணியில் ஓட வேண்டும் என்று 0, 1, 2 (உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி) ஆகிய மூன்று டிஸ்க்ரிப்டர்களையும் மூடிவிட்டீர்கள். அடுத்து திறக்கும் ஃபைல்களுக்குக் காலியாக உள்ள சிறிய எண்ணைத்தான் கெர்னல் தரும். மூன்றாவதாகத் திறந்த உங்கள் டேட்டா ஃபைலுக்கு 2 கிடைத்தது. எங்கோ ஒரு லைப்ரரி எஸ்டிடிஎர்ருக்கு எழுதியது, அது நேராக உங்கள் டேட்டாவுக்குள் வந்து விழுந்தது. மூன்றையும் மூடாதீர்கள், எழுதியதையெல்லாம் விழுங்கும் /டெவ்/நல்-ஐத் திறந்து, டிஸ்க்ரிப்டரை வேறு எண்ணில் நகலெடுக்கும் டப்2 மூலம் மூன்றின் மேலும் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன ஃபைலில் அந்தச் செய்திகள் எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை என்று, பைட்களை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் பார்த்துக்கொண்டால், அவை இடையில் செருகப்பட்டவையா, டேட்டாவின் மேலேயே எழுதப்பட்டவையா என்பது தெரியும். செருகப்பட்டிருந்தால் வெட்டி எடுத்து மீட்கலாம், மேலே எழுதப்பட்டிருந்தால் பேக்கப்பைத் தேட வேண்டியதுதான்.